வெள்ளை மாளிகையின் பின்கட்டு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், "நாட்டை ஆளுகிறவர் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவருக்கும் கொஞ்சம் மரியாதை கிடைக்குமா?" என்று கேட்டிருந்தார். "கிடைக்கும், கொல்லைப்புற வழியாக" என்று ஒரே வரியில் பதில் சொல்லி, உதாரணத்துக்கு வெள்ளை மாளிகையையும் இழுத்துவிட்டேன். வினையாகிவிட்டது. எந்த வழி, என்ன மரியாதை, யாருக்கு என்று கேட்டு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. சரி, இந்த வாரம் அரசியலும் கிரிக்கெட்டும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அதிபர் மாறினால் சமையல்காரர், எடுபிடி எல்லோரும் மாறிவிடுவார்களா? சம்பளம் யார் கொடுப்பது? (திண்டுக்கல் வாசகர்)

மாற மாட்டார்கள். அதிபரின் ஆலோசகர்களும் செயலாளர்களும்தான் அவரோடு வந்து அவரோடு போகிறவர்கள். பட்லர் (பரிமாறுகிறவர்), சமையல்காரர், பணிப்பெண், பூ அலங்காரம் செய்பவர், தச்சர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன் என்று சுமார் 90, 100 பேர் அரசாங்கச் சம்பளத்தில் அந்த வீட்டுக்கென்றே இருக்கிறவர்கள். இவர்களுக்கெல்லாம் தலைவர் 'சீஃப் அஷர்'. 132 அறை, 35 குளியலறை உள்ள வீட்டுக்கு இத்தனை பேர் வேண்டியதுதான்.

ஜனவரி 20 அன்று பதவியேற்பு விழாவை டிவியில் பார்க்கிறோம் இல்லையா, அந்த நேரத்தில் இவர்கள் நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பார்கள். பழைய குடும்பத்தின் சாமான் வெளியே போக வேண்டும், புதிய குடும்பத்தின் சாமான் உள்ளே வர வேண்டும், விழா முடிந்து புது அதிபர் வீட்டுக்குள் கால் வைக்கும்போது அவருடைய சட்டை அலமாரியில் தொங்க வேண்டும். காலையில் ஒரு குடும்பத்துக்குக் கண்கலங்க விடை கொடுத்துவிட்டு, சாயங்காலம் இன்னொரு குடும்பத்தைச் சிரித்த முகத்தோடு வரவேற்பதும் வேலையில் சேர்த்திதான்.

ஒரு உபரித் தகவல். சம்பளம் அரசாங்கத்துடையது, ஆனால் அதிபர் குடும்பம் தினமும் சாப்பிடும் சாப்பாட்டுக்கு அதிபர்தான் காசு கட்ட வேண்டும். மாதம் பிறந்தால் பில் வந்துவிடும். சாப்பாட்டுக்கும் டூத்பேஸ்ட்டுக்கும் சேர்த்துப் பணம் கேட்கிறார்களே, இதை யாரும் எங்களிடம் சொல்லவேயில்லையே என்று ரீகனின் மனைவி நான்ஸி அங்கலாய்த்தாராம்.

முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டிலிருந்து ஒரு பணிப்பெண் ஓடிப்போனார் என்று எங்கோ படித்தேன். அவ்வளவு பெரிய மனிதர் வீட்டிலிருந்து ஏன் ஓட வேண்டும்? (கும்பகோணம் வாசகி)

உங்கள் கேள்வியில் இருக்கும் அதே ஆச்சரியம் வாஷிங்டன் வீட்டாருக்கும் இருந்தது. பெண்ணின் பெயர் ஓனா ஜட்ஜ். பணிப்பெண் என்கிறோம், உண்மையில் அடிமை. வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்கு உடை உடுத்திவிடுவது, தலை வாரிவிடுவது, தையல் வேலை எல்லாம் அவர் பொறுப்பு. அப்போது வெள்ளை மாளிகை கட்டி முடியவில்லை, தலைநகரம் பிலடெல்பியா.

பிலடெல்பியாவில் ஒரு சிக்கல். பென்சில்வேனியா மாநிலத்தின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளி மாநிலத்தார் கொண்டுவந்த அடிமை அங்கே தொடர்ந்து ஆறு மாதம் இருந்துவிட்டால் விடுதலை கேட்கலாம். வாஷிங்டன் என்ன செய்தார் தெரியுமா? ஆறு மாதம் முடிவதற்குள் தன் அடிமைகளை எல்லை தாண்டி ஒரு நடை கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இதை அவர்களுக்கும் தெரியாமல், ஊருக்கும் தெரியாமல் ஏதாவது சாக்கு வைத்துச் செய்யும்படி தன் செயலாளருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். பொய்யே பேசாத பிள்ளை, செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டவர் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவரேதான்.

1796இல் ஓனாவுக்கு 22 வயது இருக்கும். மார்த்தாவின் பேத்தி எலைசாவுக்குக் கல்யாணமாகியிருந்தது. கல்யாணப் பரிசாகப் பேத்திக்குத் தன்னைக் கொடுக்கப்போகிறார்கள் என்று ஓனாவுக்குத் தெரியவந்தது. பாத்திர பண்டம் சீர் கொடுப்பது போல ஆள் சீர்! அந்தப் பேத்தியின் கோபத்தை அறிந்தவர் அவர், அங்கே போனால் விடிவே கிடையாது என்று முடிவு செய்துவிட்டார். குடும்பம் கோடைக்கு வர்ஜீனியா போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. இவரும் கூடவே கட்டினார். அவர்கள் வர்ஜீனியா போகக் கட்டினார்கள், நான் எங்கே போகப்போகிறேன் என்று தெரியாமலே கட்டினேன் என்று கிழவியான பிறகு ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். தன் துணிமணிகளை முன்கூட்டியே ஊரில் இருந்த கறுப்பின நண்பர்கள் வீட்டுக்குச் சேர்த்துவிட்டார். மே 21 அன்று அதிபரும் மனைவியும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது வீட்டைவிட்டு நடந்துவிட்டார். அங்கிருந்து 'நான்ஸி' என்ற கப்பலில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத்.

சில நாளில் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. பிடித்துக் கொடுப்பவருக்கு 10 டாலர். முகத்தில் நிறையப் புள்ளி, கன்னங்கரேலென்ற கண், அடர்ந்த கறுப்பு முடி என்று அடையாளமெல்லாம் சொல்லி, விதவிதமான நல்ல துணி அவளிடம் நிறைய இருக்கிறது என்றும் எழுதி, ஓடிப்போக அவளுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த ஒரு வரியை நான் நாலு தடவை படித்தேன். நல்ல துணி கொடுத்தோமே, அப்புறம் என்ன என்று கேட்கும் குரல் நமக்கும் பழக்கமான குரல்தானே?

அவர் இருக்கும் ஊர் தெரிந்ததும் துறைமுகச் சுங்க அதிகாரியை வைத்துப் பேசிப் பார்த்தார்கள். உங்கள் காலத்துக்குப் பிறகு விடுதலை என்று வாக்குக் கொடுத்தால் வருகிறேன் என்று ஓனாவிடமிருந்து பதில் போனது. ஓடிப்போனவளுக்குப் பரிசா என்று வாஷிங்டன் மறுத்துவிட்டார். 1799இல் மார்த்தாவின் உறவுக்காரர் ஒருவர் நேரிலேயே தூக்கிப்போக வந்தார். அவர் விருந்தாளியாகத் தங்கியது செனட்டர் லாங்டன் வீட்டில், ஓனாவை எச்சரித்துத் தப்பவிட்டதும் அதே லாங்டன் வீட்டார்தான். வாஷிங்டன் தன் உயிலில் தன் பேரில் இருந்த அடிமைகளுக்கு விடுதலை எழுதி வைத்தார். ஓனா அந்தப் பட்டியலில் வர மாட்டார், ஏனென்றால் அவர் மார்த்தாவின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்து. அதனால் 1848இல் சாகும்வரை சட்டப்படி அவர் தப்பியோடிய அடிமைதான். வறுமையில்தான் வாழ்ந்தார். அந்த வீட்டில் இருந்ததைவிட இப்போது அதிகம் பாடுபடுகிறீர்களே, வந்ததற்கு வருத்தமில்லையா என்று கேட்டபோது, இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றார்.

நான் கல்யாண வீடுகளுக்குச் சமையல் கான்டிராக்ட் எடுக்கிறவன். அந்தக் காலத்து அதிபர் வீட்டுச் சமையல்காரரைப் பற்றிச் சொல்லுங்களேன். (விருதுநகர் வாசகர்)

அதே வாஷிங்டன் வீட்டில் ஹெர்குலிஸ் என்று ஒரு தலைமைச் சமையல்காரர். அடிமைதான், ஆனால் அடுப்படியில் ராஜா. கரண்டி ஒரு இடம் மாறியிருந்தாலும் உதவியாளர்கள் நடுங்குவார்களாம். உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இது புரியும். சமையலறை மிச்சம் மீதியை விற்றுக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது, அதிலேயே வருஷத்துக்கு 200 டாலர் வரை பார்த்தார் என்கிறார்கள். சாயங்காலம் விருந்து முடிந்ததும் வெல்வெட் காலர் வைத்த நீலக் கோட்டு, பட்டுக் காலுறை, கடிகாரச் சங்கிலி, தங்கப் பூண் போட்ட கைத்தடியோடு பிலடெல்பியா தெருவில் உலா போவார்.

ஓனா போன பிறகு இவரையும் நம்பவில்லை போலிருக்கிறது. வர்ஜீனியாப் பண்ணையிலேயே விட்டுவிட்டு, செங்கல்லுக்கு மண் வெட்டும் வேலையில் போட்டார்கள். எப்பேர்ப்பட்ட கை, மண்வெட்டி பிடிக்கிறது! 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனின் 65ஆவது பிறந்தநாள். அன்றைக்குத்தான் ஹெர்குலிஸ் காணாமல் போனார். அதற்குப் பிறகு பண்ணைக்கு வந்த பிரெஞ்சு விருந்தாளிகளின் ஆள் ஒருவன் ஹெர்குலிஸின் ஆறு வயது மகளிடம், அப்பாவைப் பார்க்க முடியாமல் கஷ்டமாக இருக்குமே என்று கேட்டான். இல்லை, எனக்கு ரொம்ப சந்தோஷம், அப்பா இப்போது சுதந்திரமாக இருக்கிறார் என்றது குழந்தை.

1814இல் வெள்ளை மாளிகை எரிந்தபோது அதிபரின் மனைவி டாலி மேடிசன் வாஷிங்டன் படத்தைக் கழற்றிக் காப்பாற்றினார் என்கிறார்களே, நிஜமா? (நாகர்கோவில் ஆசிரியர்)

அந்த வீட்டில் அன்றைக்கு மேஜை போட்ட பையனைக் கேட்டால் இல்லை என்பான். பால் ஜென்னிங்ஸ், வயது 15, அதிபர் மேடிசன் வீட்டு அடிமை. ஆகஸ்ட் 24 மத்தியானம், மந்திரிகளும் தளபதிகளும் வருவார்கள் என்று விருந்துக்கு மேஜை போட்டு, ஒயினைக் குளிர்விக்க வைத்தது அவர். பிரிட்டிஷ் படை வருகிறது, ஓடுங்கள் என்று குதிரைக்காரன் வந்து கத்தினான். டாலியம்மாள் கைக்குக் கிடைத்த வெள்ளிச் சாமானைப் பையில் அள்ளிக்கொண்டு போனார். ஏணி போட்டுப் படத்தை இறக்கும் நேரமெல்லாம் அவருக்கு இல்லை, இறக்கியது வாசல் காவலர் பிரெஞ்சுக்காரரும் தோட்டக்காரரும்தான் என்று ஜென்னிங்ஸ் 1865இல் எழுதிவைத்தார். படத்தைக் காப்பாற்றச் சொன்னது டாலி, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 'கட்டினான்' என்றால் ராஜா, கல் சுமந்தவன் யார் என்று கேட்டால் பதில் கிடையாது, அந்தக் கணக்குத்தான். வந்த பிரிட்டிஷ்காரர்கள் போட்ட மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் தீ வைத்தார்கள்.

இதன் பின்கதை இன்னும் பெரியது. மேடிசன் இறந்த பிறகு டாலி கடனில் மூழ்கினார். ஜென்னிங்ஸைப் பின்னாளில் வந்த அதிபர் ஒருவரிடம் வாடகைக்கு விட்டுக் கூலியைத் தான் வாங்கிக்கொண்டார், அப்புறம் விற்றும் விட்டார். 1847இல் செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் 120 டாலர் கொடுத்து ஜென்னிங்ஸை மீட்டார், மாதம் 8 டாலராக வேலை செய்து கழிப்பது என்று ஒப்பந்தம். அந்த வெப்ஸ்டர் வீட்டிலிருந்து கூடை நிறைய மளிகை எடுத்துக்கொண்டு பழைய எஜமானியம்மாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஜென்னிங்ஸேதான். சில சமயம் தன் பையிலிருந்தும் சில்லறை கொடுத்திருக்கிறார். இதை எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் இரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். விசுவாசம் என்று சொல்லி அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. பசித்த ஒரு கிழவிக்கு ஒரு மனிதர் சாப்பாடு கொடுத்தார், அவ்வளவுதான்.

அங்கேயும் தனி டம்ளர்தானா? (மதுரை வாசகர்)

தனி டம்ளர் இல்லை, தனிச் சாப்பாட்டு அறை. 1931இல் அலோன்ஸோ ஃபீல்ட்ஸ் என்ற இளைஞர் பட்லராக வந்தார். பாஸ்டனில் சங்கீதம் படித்துக்கொண்டிருந்தவர், வேலை பார்த்த வீட்டு எஜமானர் இறந்துவிட்டார், குளிர்காலம் முடியும்வரை வயிற்றைக் கழுவலாம் என்று வந்தவர் 21 வருஷம் இருந்துவிட்டார், தலைமைப் பட்லராகவே ஆனார். வெள்ளை ஊழியருக்கு ஒரு சாப்பாட்டு அறை, கறுப்பு ஊழியருக்கு ஒன்று. சேர்ந்து வேலை செய்தோம், சேர்ந்து சாப்பிட முடியாது என்பார். அதிபர் வாயில் போடும் சாப்பாட்டைத் தொடலாம், பக்கத்து ஆள் தட்டின் அருகே தன் தட்டை வைக்கக் கூடாது. மதுரைக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

1933இல் ரூஸ்வெல்ட் வந்தார். அவர் மனைவி எலினார் கறுப்பின உரிமைக்காகப் பேசியவர். ஒரே நிற ஊழியர்கள் இருந்தால் வீடு ஒழுங்காக நடக்கும் என்று சொல்லி, அவர் கறுப்பு ஊழியர்களை வைத்துக்கொண்டு வெள்ளை ஊழியர்களை அனுப்பிவிட்டார். பந்தியைச் சேர்த்து வைப்பதற்குப் பதில் பந்தியில் ஒரு பாதியையே எழுப்பிவிட்ட கதை. நல்லவர்தான், ஆனால் அவருக்கும் இதுதான் தோன்றியிருக்கிறது.

வேலைக்காரர்கள் அதிபர் கண்ணிலேயே படக் கூடாது என்று விதி இருந்ததாமே? (ஈரோடு வாசகி)

அதிபர் ஹூவர் காலத்தில், 1929இலிருந்து 1933 வரை. அதிபர் கூடத்துக்கு வருகிறார் என்றால் மணி அடிக்கும். உடனே தட்டும் கையுமாக இருக்கும் பட்லர், துடைப்பம் பிடித்த பணிப்பெண் எல்லோரும் கிடைத்த அலமாரி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அடுத்தவர் முழங்கை விலாவில் இடிக்க, இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியது. யாரும் குற்றவாளி இல்லை, சும்மா வேலை பார்த்தவர்கள்.

இதை விவரமாக எழுதிவைத்தவர் லில்லியன் ராஜர்ஸ் பார்க்ஸ், அந்த வீட்டின் தையல்காரி. அவர் அம்மா மேகி 1909இல் இருந்தே அங்கே பணிப்பெண். லில்லியனுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம், கக்கத்தில் ஊன்றுகோல் வைத்துத்தான் நடப்பார். அடுத்து வந்த ரூஸ்வெல்ட்டுக்கும் அதே நோய், சக்கர நாற்காலி. தனக்கென்று இருந்த லிஃப்டை நீயும் பயன்படுத்து என்று சொன்னார் அவர். படி ஏறுவது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்த மனிதர்.

லில்லியன் 1961இல் புத்தகம் எழுதினார். அது சக்கைப்போடு போட்டதைப் பார்த்த அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலின், இனி யாரும் எதுவும் எழுத மாட்டோம் என்று ஊழியர்களிடம் கையெழுத்து வாங்க ஏற்பாடு செய்தார்.

அப்படி வாய் திறந்தால் என்ன ஆகும்? (அதே ஈரோடு வாசகி, அடுத்த வரியில்)

எலிசபெத் கெக்லிக்கு ஆனதுதான் ஆகும். கடன் வாங்கி 1200 டாலருக்குத் தன்னையும் மகனையும் 1855இல் விலை கொடுத்து மீட்டுக்கொண்டு, பிறகு தைத்துத் தைத்து அந்தக் கடனை அடைத்தவர். பிறகு லிங்கன் மனைவி மேரிக்கு உடை தைத்தார், நெருங்கிய தோழியும் ஆனார். லிங்கனின் மகன் வில்லி 1862இல் இறந்தபோது குழந்தையைக் குளிப்பாட்டி உடுத்திவிட்ட கைகளில் ஒரு ஜோடி இவருடையது. இவர் தன் ஒரே மகனை அதற்கு முந்தின வருஷம்தான் உள்நாட்டுப் போரில் பறிகொடுத்திருந்தார். 1868இல் மேரியின் பேரில் இருந்த பழியைத் துடைக்கலாம் என்றுதான் புத்தகம் எழுதினார். பதிப்பகத்தார் மேரியின் சொந்தக் கடிதங்களையும் சேர்த்து அச்சிட, நட்பு முறிந்தது, வாடிக்கை போனது, ஒரு தையல்காரிக்கு இவ்வளவு திமிரா என்று பத்திரிகைகள் பாய்ந்தன. 1907இல் ஆதரவற்ற கறுப்பினப் பெண்களுக்கான இல்லம் ஒன்றில் இறந்தார்.

நான் நிருபராக இருந்த புதிதில் ஒரு பெரிய மனிதர் வீட்டில் பேட்டிக்காக மூன்று மணி நேரம் கார் ஷெட் பக்கம் நின்றிருக்கிறேன். உள்ளேயிருந்து சமையல்கார அம்மா ஒருவர் வந்து சுக்குக் காபி கொடுத்தார். "இன்னைக்குப் பேச மாட்டாங்க தம்பி, போயிட்டு வாங்க" என்றார். என்னம்மா விஷயம் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காபில சக்கரை சரியா இருக்கா?" என்று கேட்டார். இன்றுவரை விஷயம் எனக்குத் தெரியாது.

தலைவரின் காதருகே இருப்பவர்கள், தங்கள் மக்களுக்கு ஏதாவது செய்ய முடிந்ததா? (புதுச்சேரி வாசகர்)

ஜெஃபிர் ரைட் என்ற சமையல்காரப் பெண்மணியைச் சொல்லலாம். 1942இலிருந்து லிண்டன் ஜான்சன் குடும்பத்தில் சமையல். வாஷிங்டன் நகரத்திலிருந்து டெக்சாஸுக்குக் காரில் போகும்போது வழியில் கறுப்பினத்தவரை உள்ளே விடும் ஹோட்டலோ கழிப்பறையோ கிடையாது, சாலையோரப் புதர்தான். ஒரு கட்டத்தில், இனி காரில் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜான்சன் அதிபரானதும், என் சமையல்காரிக்கு இது நடக்கிறது என்று தெற்கத்தி அரசியல்வாதிகளிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் நிறத்தைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்ற குடிமை உரிமைச் சட்டத்துக்கு வாதாடினார். 1964 ஜூலை 2 அன்று கையெழுத்துப் போட்ட பேனாக்களில் ஒன்றை ஜெஃபிரிடம் கொடுத்தார், இது வேறு யாரையும்விட உனக்குத்தான் பொருந்தும் என்று சொல்லி.

அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. எடை குறைக்க வேண்டும் என்று புலம்பிக்கொண்டே தின்றுகொண்டிருந்த ஜான்சனுக்கு அவர் ஒரு சீட்டு எழுதி வைத்தார். இத்தனை வருஷம் நீங்கள் எனக்கு முதலாளி, இனி கொஞ்ச நாள் நான் உங்களுக்கு முதலாளி, வைத்ததைச் சாப்பிடுங்கள், இன்னும் வேண்டும் என்று கேட்காதீர்கள், குறை சொல்லாதீர்கள் என்று. ஜான்சன் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் காட்டுவாராம்.

எட்டு அதிபர்களிடம் வேலை பார்த்த பட்லர் ஒருவர் உண்டாமே? (தஞ்சாவூர் வாசகர்)

யூஜின் ஆலன். 1952இல் சரக்கறையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார், வருஷம் 2400 டாலர் சம்பளம். 1986இல் ஓய்வு பெறும்போது பரிமாறுபவர்களுக்கெல்லாம் தலைவர். கென்னடி இறந்தபோது சவ அடக்கத்துக்கு வரச் சொல்லி அழைத்தார்கள். போகவில்லை. திரும்பி வருகிறவர்களுக்குப் பரிமாற யாராவது இருக்க வேண்டுமே என்று வீட்டிலேயே நின்றுவிட்டார். 2008 தேர்தலில் மனைவி ஹெலீனோடு சேர்ந்து போய் ஒபாமாவுக்கு ஓட்டுப் போடுவதாக இருந்தார். தேர்தலுக்கு முதல் நாள் ஹெலீன் இறந்துபோனார், மறுநாள் தனியாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், மேற்கு ஜெர்மனிப் பிரதமர் கோல் வந்திருந்தபோது, நான்ஸி ரீகன் அவரிடம் வந்து, அன்றைக்கு நீங்கள் பரிமாற வேண்டாம், நீங்களும் ஹெலீனும் விருந்தாளியாக வாருங்கள் என்றார். போனார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் பரிமாற, இவர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஷாம்பெயின் குடித்தோம் என்று ஹெலீன் வெகு காலம் கழித்து ஒரு நிருபரிடம் சொன்னபோது ஆலன் மனைவியைப் பார்த்துச் சிரித்தாராம். எத்தனையோ வருஷம் அந்த ஷாம்பெயின் பாட்டில்களை அந்த வீட்டில் வாங்கி அடுக்கிவைத்தவர் அவர்.